ஆட்டின் ஆறும் ஏழும்

அருணகிரி ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். சிக்னல் விழாமல் ஒரு வண்டியையும் அனுப்பாதவர். போக்கர் சீட்டாட்டத்தையும் அப்படியேதான் ஆடினார். அவருக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்த பெனிட்டாவுக்கு அவர் மகள் வயதுதான். தூத்துக்குடிக்காரி, வாய் கொஞ்சம் நீளம்.

கோவாவில் போட்டி. இவர்கள் இருவரையும் சேர்த்து, இரண்டு மேசைகளில் பத்துப் பேர் மிச்சம். இன்னும் ஒருவர் வெளியேறினால் மற்றவர்களுக்குக் கடைசி மேசை. அதில் ஒரு தடவையாவது உட்கார்ந்துவிட வேண்டும் என்று மனிதர் வருஷக்கணக்காகத் தவம் கிடந்தார்.

இடைவேளையில் அவளிடம் புலம்பித் தீர்த்தார். பெரிய சீட்டே வருவதில்லையாம். ஆறு, ஏழு என்று பொடிசாகத்தான் வருகிறதாம். அடுத்தவன் வைத்த பந்தயத்துக்குச் சமமாக வைத்துப் பார்த்தாலும் ஒன்றும் சேராமல், பணத்துக்குப் பதிலாக வைக்கும் சிப்ஸ் வில்லைகள் எல்லாம் கரைகிறதாம்.

"அந்த ஆறு ஏழுக்கு நீங்களே முதல்ல பந்தயத்தை ஏத்துங்க சார்."

"கையில ஒண்ணுமே இல்லாம எந்த தைரியத்துலம்மா ஏத்துறது?"

 பெனிட்டா டீயைக் குடித்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். போதாத காலம், இருவருக்கும் ஒரே மேசை.

அவருக்கு ஆட்டின் ஆறும் ஏழும் வந்தன, சிவப்பு இதயம் போட்ட இனம். வருவது வரட்டும் என்று ஏற்றினார். எல்லோரும் சீட்டைக் கவிழ்த்துவிட்டார்கள், பெனிட்டா மட்டும் கூடவே வந்தாள். நடுவில் இருவருக்கும் பொதுவாக மூன்று சீட்டு விரிந்தது, இன்னும் இரண்டு வர வேண்டும். கிளாவர் ராஜா, ஆட்டின் ஒன்பது, ஆட்டின் இரண்டு. இன்னொரு ஆட்டின் விழுந்தால் ஐந்தும் ஒரே இனம், ஜெயிக்கிற கை. விழாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

பெனிட்டா மேசையைத் தட்டி, முறையை அவருக்கு விட்டாள்.  அவர் சிப்ஸ் அத்தனையையும் இரண்டு கையாலும் முன்னே தள்ளினார்.

அவள் தன் சீட்டைத் தூக்கிப் பார்த்தாள். வைத்தாள். மறுபடி பார்த்தாள். பிறகு மூடியபடியே தள்ளி, அந்த ஆட்டத்தை விட்டுவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் பக்கத்து மேசையில் ஒருவர் தோற்று எழுந்தார். அருணகிரிக்குக் கடைசி மேசை கிடைத்துவிட்டது. ஆனால் மனசு ஆறவில்லை. வயசானவன் என்று பரிதாபப்பட்டு விட்டுக்கொடுத்துவிட்டாளோ? அப்படிக் கிடைத்த நாற்காலியில் எந்த முகத்தோடு உட்காருவது? அவளை ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டேவிட்டார்.

பெனிட்டாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "விட்டுக்கொடுக்க நான் என்ன உங்க மருமகளா? ரெண்டு ஜாக்கி வெச்சிருந்தேன் சார், ஆனா நடுவுல அதைவிடப் பெரிய ராஜா கிடந்துச்சு."

"என்கிட்ட வெறும் ஆறும் ஏழும்தாம்மா இருந்துச்சு, அப்போ உன் ஜோடிதான் பெரிசு."

"இருக்கட்டும். நீங்க தள்ளினதுக்கப்புறம் உங்க கையில என்ன இருக்குன்னு நான் யோசிக்கவே இல்லை. என் கையில இருக்கறது போதுமான்னுதான் யோசிச்சேன்."