சாமி சொன்னாச் சரி

மேலப்பொழில் ஜமீன்தார் மார்த்தாண்ட பூபதி ஏரிக்கரை மடத்துக்கு வந்தார். மடத்தை நடத்திய ஞானசுந்தரி அம்மை அவரைவிட வயதில் இளையவர். ஆனாலும் அவரைத்தான் பூபதி குருவாக ஏற்றிருந்தார். ஊர் சிரித்தது. சிரிக்கட்டுமே.

"அம்மா, என் குடியானவர்கள் நான் சொல்வதையெல்லாம் ஒப்புக்கொள்கிறார்கள்" என்றார் பூபதி. "அதுதான் என் துக்கம்."

விஷயம் இதுதான். ஜமீன்தார்கள் நினைத்தபோதெல்லாம் உழுகிறவர்களை நிலத்தைவிட்டு விரட்டக் கூடாது என்று அவர் புத்தகம் எழுதினார். பிறகு சென்னைச் சட்டசபையில் மசோதாவும் கொண்டுவந்தார். மற்ற ஜமீன்தார்கள் கேலி செய்தார்கள்: குடியானவன் கேட்டானா, இவர்தானே கேட்கிறார்? மசோதாவை விசாரித்த கமிட்டி, ஒரு குடியானவராவது வந்து தன் வாயால் சொல்லட்டும், இல்லாவிட்டால் தள்ளுபடி என்றுவிட்டது.

பூபதி அரண்மனை முற்றத்தில் குடியானவர்கள் எல்லோரையும் கூட்டி, இந்தச் சட்டம் வேண்டுமா என்று கேட்டார். "சாமி சொன்னாச் சரி" என்றார்கள். எரிச்சலில், அப்படியானால் விட்டுவிடவா என்றார். அதற்கும் "சாமி சொன்னாச் சரி." இதை எந்தக் கமிட்டி சாட்சியென்று எடுத்துக்கொள்ளும்?

ஞானசுந்தரி அம்மை சிரிக்கவில்லை. "உங்கள் புத்தகத்தைப் படித்தேன்" என்றார். "பாதிக்குமேல் உங்கள் பெருமைதான் இருக்கிறது."

பூபதியின் முகம் கறுத்தது. கை தானாக மீசைக்குப் போனது.

"இந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு யார் வேண்டாமென்பார்கள்?" என்றார் அம்மை. "அவர்கள் வாசலுக்குப் போங்கள். அவர்களுக்கு நஷ்டமாகிற ஒன்றைக் கேளுங்கள். அப்போதுதான் நிஜமான பதில் வரும்."

மறுவாரம் பூபதி தோற்றவராகத் திரும்பி வந்தார். வாசல் வாசலாகப் போய், சாட்சி சொல்லப் பட்டணம் வர முடியுமா என்று கேட்டாராம். நடவு நேரம். இருந்தும் எல்லோரும் சரி என்றார்கள். சடைச்சி என்ற பெண் மட்டும், தலையிலிருந்த நாற்றுக்கட்டை இறக்காமலே மறுத்துப் பேசினாளாம்.

"என்ன சொன்னாள்?"

"'வர முடியாது சாமி. உங்க தாத்தாவும் நடவு நேரத்துலதான் எங்க வீட்டு ஆம்பளைங்களைப் பல்லக்குத் தூக்கக் கூட்டிட்டுப் போனாரு. வயலு தரிசாக் கிடந்துச்சு. தரிசாப் போட்டீங்கன்னு அந்த வயலையே பிடுங்கிட்டாரு. மறுபடியும் அதே கதையா?' இப்படிச் சொன்னாள்."

கூட வந்த காரியஸ்தர் அவளை அதட்டப் போனதையும் தான் தடுத்ததையும் பூபதி சொன்னார். பிறகு குரல் இறங்கியது.

"அவள் மறுத்ததை ஊரே பார்த்தது, அம்மா. வருகிறேன் என்பவர்களைக் கூட்டிப்போனால் அங்கேயும் சாமி சொன்னாச் சரி என்பார்கள். பேசக்கூடியவள் ஒருத்தி. அவள் வரமாட்டேன் என்கிறாள். மசோதா போனதுதான்."

"அந்த அம்மா ஏன் வரவேண்டும்?" என்றார் ஞானசுந்தரி அம்மை. "கமிட்டியை வரச்சொல்லுங்கள். அவர் நட்டுக்கொண்டே பேசட்டும். அவர்கள் வரப்பில் நின்று கேட்கட்டும்."