முன் சக்கரத்துல இறங்குன ஜீப்பு

ஒரு ஊர்ல ஒரு ஜீப்பு இருந்துச்சு. ராசாவும் இல்ல, ராணியும் இல்ல, ஜீப்புதான். நீதானடி ஜீப்புக் கதை கேட்ட? நடுவுல அழுதா அத்தை பாதியில நிறுத்திருவேன், சொல்லிட்டேன். ம் சொல்லு.

ம்.

ஏலக்காய் மலை மேல ஒரு ஒத்த வீடு. ஜீப்பு அந்த வீட்டு ஜீப்பு. ரொம்பப் பழசு, நாலு சக்கரமும் இழுக்குற சாதி. வச்சிருந்தவன் ஜக்கையன். பொண்டாட்டி வீருசின்னு. ஒரே பொண்ணு செவந்தி, உன் வயசு இருக்கும். ஜீப்புல எது போனாலும் ஜக்கையன் மெக்கானிக்கைக் கூப்பிட மாட்டான். வாசல்லயே சாக்கை விரிச்சு அடியில பூந்துருவான். வாசல் நல்ல சரிவு. அதனால வீருசின்னு முதல்ல நாலு சக்கரத்துக்கும் கல்லு வைப்பா. வச்சுட்டு, "ம், பூந்துக்கோங்க"ன்னு சொல்லுவா. அப்புறம்தான் அவன் பூருவான்.

அப்போ ஐப்பசி மாசம். மழை சோன்னு ஊத்துது. செவந்திக்கு மூணு நாளாக் காய்ச்சல். நாலாம் நாள் காலையில வலிப்பு வந்து கண்ணு மேல சொருகிருச்சு. உடனே கீழ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும், இல்லைன்னா புள்ள இல்ல. ஜக்கையன் ஜீப்பை எடுத்தான். கட கட கட, டமார். பின் சக்கரத்தைச் சுத்துற ஷாஃப்டு, அதோட மூட்டு உடைஞ்சுபோச்சு.

"பின் ஷாஃப்டைக் கழட்டிப் போட்டுருவோம் வீரு. முன் சக்கரம் மட்டும் இழுத்துட்டுப் போயிரும்"னான். நல்ல யோசனைதான். அதுல ஒரு தப்பும் இல்ல.

வீருசின்னு கல்லெடுக்கக் குனியுறா, உள்ள புள்ளைக்கு மறுபடியும் வெட்டி வெட்டி இழுக்குது. போட்டது போட்டபடி ஓடிட்டா. ஜக்கையன் காத்திருக்கல. ஹேண்ட்பிரேக்கை இழுத்தான், கிரீச். போன வாரம்தான் அவனே சரி பண்ணுன பிரேக்கு. அந்த நம்பிக்கையில பூந்துட்டான்.

இப்போ கேளு. அந்தப் பழைய ஜீப்புல ஹேண்ட்பிரேக்கு சக்கரத்தைப் பிடிக்காது, பின் ஷாஃப்டைத்தான் பிடிக்கும். அவன் கழட்டுறதும் அதே ஷாஃப்டைத்தான். கழண்டுட்டா ஜீப்பைப் பிடிச்சு நிறுத்த எதுவுமே இல்ல. தெரியாதவனா அவன்? மலையில இருக்குறவங்களுக்கெல்லாம் சொல்லிக் குடுக்குறவன். புள்ள கிடக்குற கிடையில மறந்துட்டான். இப்ப நெனச்சாலும் எனக்கு ஆத்திரமா வருது.

ஒரு போல்ட்டு கழண்டுச்சு, ரெண்டு கழண்டுச்சு. கடைசிப் போல்ட்டும் கழண்டு டங்குன்னு ஷாஃப்டு விழுந்துச்சு. ஜீப்பு மெள்ளப் பின்னால நகந்துச்சு. முன் சக்கரம் அவன் இடுப்பு மேல ஏறி இறங்குச்சு. ஜீப்பு போய்ப் பலா மரத்துல முட்டி நின்னுருச்சு.

முழிச்சிருக்கியா?

ம்.

வீருசின்னு ஓடி வந்து பார்த்தா. அவ கத்தல, கத்துனா கேக்க அங்க யாரு இருக்கா? "என்னைப் பின்னாடி ஏத்து. புள்ளைய என் நெஞ்சுல போடு. முன் சக்கரத்துக் கியரைப் போட்டு நீ ஓட்டு"ங்குறான். அவ வாசல்ல முன்ன பின்ன நகத்துனதோட சரி, ரோட்டுல ஓட்டுனதே கிடையாது. எப்படித்தான் அவனை இழுத்து ஏத்துனாளோ, ஏத்திட்டா.

அப்புறம் முதல்ல ஓடை வந்துச்சு. தண்ணி சக்கரம் முங்க ஓடுது. "இறங்கவாங்க?"ன்னா. பின்னாடி இருந்து, "ம்"னான். சளப் சளப்புன்னு முன் சக்கரம் இழுத்துக் கரையேத்திருச்சு.

அப்புறம் சேறு. விர்ர்ர்ருன்னு சக்கரம் சுத்துது, ஜீப்பு நகரல. இறங்கிப்போய்ச் சாக்கை அடியில திணிச்சுட்டு வந்து, "இருக்கீங்களா?"ன்னா. கொஞ்ச நேரம் கழிச்சு, "ம்"னான். அந்த ம் அவளுக்குப் போதுமா இருந்துச்சு.

மூணாவதா ஒரு கொண்டை ஊசி வளைவு. அதுல ஒரே ஒடிப்புல திரும்ப முடியாது. பின்னால வந்து வந்துதான் திருப்பணும். பின்னால கிடுகிடு பள்ளம். ஜக்கையன் ஓட்டும்போது வீருசின்னு இறங்கி நின்னு, "வரலாம், வரலாம், போதும்"னு சொல்லுவா. இப்போ அவளுக்குச் சொல்ல அவன் ஒருத்தன்தான். "வரலாமாங்க?"ன்னு கேட்டா.

சத்தமே இல்ல.

"ஏங்க, வரலாமா?" மழைச் சத்தம் மட்டும் கேக்குது. அவளுக்குப் புரிஞ்சுபோச்சு. அவ திரும்பிப் பார்க்கல. பார்த்தா கை காலு ஓடாது, புள்ளையும் போயிரும். சைடு கண்ணாடியில ரோட்டோரத்தை மட்டும் பார்த்தா. "வரலாம், வரலாம், போதும்"னு அவளே சொல்லிக்கிட்டா. திருப்பிட்டா.

ஆஸ்பத்திரி வாசல்ல நர்சம்மா ரெண்டு பேரு ஓடி வந்தாங்க. செவந்தி உடம்பு கொதிக்குது, மூச்சு இருக்கு. ஆனா தூக்க முடியல. வளைவுல புள்ள உருண்டுறக் கூடாதுன்னு ஜக்கையன் ரெண்டு கையையும் கோத்துப் பிடிச்சிருந்தான். விரலை ஒண்ணொண்ணாப் பிரிச்சாங்க. அப்பவும் வரல. அப்புறம் வீருசின்னு ஏறி, அவன் காதுகிட்டக் குனிஞ்சு, "வந்துட்டோங்க, விடுங்க"ன்னு சொல்லிட்டுக் கையை எடுத்துவிட்டா.

புள்ள பொழைச்சுக்கிச்சு. ஜீப்பும் மலையை விட்டு இறங்கிருச்சு, கதையும் இறங்கிருச்சு. கண்ணை மூடுடி.