காத்தாயி காட்டிய குப்பை

கோழியும் மாடும் மனுசரோடு வாயாடிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், குப்பை என்றால் ஊரே நிமிர்ந்து பார்க்கும். களத்தில் குவித்த நெல்லுக்குத்தான் அந்தப் பேர். அறுப்பு முடிந்ததும் நாட்டாமை வீடு வீடாக வந்து, "உன் குப்பை எங்கே?" என்று கேட்பார். காட்டுகிறவர்களுக்குத்தான் அடுத்த போகத்துக்கு ஏரித் தண்ணீர்.

காத்தாயிக்கு இடுப்பில் ஒரு பிள்ளை, ஏரிக்குக் கீழே ஒரு களர் நிலம். அந்த வருசம் விதைத்தது முளைக்கவே இல்லை. தண்ணீரும் போய்விட்டால் பிள்ளைக்குக் கஞ்சி ஏது?

அதே யோசனையில் சாணியையும் அடுப்புச் சாம்பலையும் கூடையில் அள்ளி, ஊர் வழக்கப்படி ஓடையில் கொட்டப் போனாள். அவள் வளர்த்த கோழி வழிமறித்தது.

"என் தீனியை எங்கே கொண்டு போறே? வயலோரம் ஒருநாள் கூடையைக் கவிழ்த்தியே, அங்கே வந்து பாரு!"

போய்ப் பார்த்தாள். சாணி கொட்டிய இடத்தில் மட்டும் ஒரு நெற்பயிர் தூர் கட்டிக் கருகருவென்று நின்றது.

"அடி கள்ளி, இத்தனை நாள் சொல்லலையே!"

"நீ கேட்டியா? எனக்குப் புழு கிடைச்சது, போதும்."

அதற்குப் பிறகு காத்தாயி ஓடைப் பக்கமே போகவில்லை. சாணி, சாம்பல், கூளம், அக்கம்பக்கத்தார் கொட்டப் போனது எல்லாவற்றையும் கொல்லையில் குவித்தாள்.

நாட்டாமை ஊரோடு வந்து நின்றார். "உன் குப்பை எங்கேம்மா?"

காத்தாயி பிள்ளையை இடுப்பு மாற்றிக்கொண்டு கொல்லைப் பக்கம் கை நீட்டினாள். "அதுதான் மாமா."

ஊர் கொல்லென்று சிரித்தது. பக்கத்து வீட்டு வேலாத்தா மூக்கைப் பொத்திக்கொண்டாள். "ஏண்டி, இதையா உலையில் போடுவே?"

"வயலில் போடுவேன் அக்கா. உலைக்கு வயல் தரும்." காத்தாயி நாட்டாமையிடம் திரும்பினாள். "தண்ணீர் விடுங்க மாமா. விளையாவிட்டால் நிலத்தையே ஊருக்கு விட்டுடறேன்."

அவ்வளவு பெரிய வார்த்தையை நாட்டாமையால் மறுக்க முடியவில்லை. மடை திறந்தது.

அடுத்த அறுப்பில் காத்தாயியின் களத்தில் நெல் ஆள் உயரம் குவிந்தது. வேலாத்தா கூடையோடு ஓடிவந்தாள். காத்தாயி நெல்லை அள்ளப் போக, வேலாத்தா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நெல் கிடக்கட்டும்டி. கொல்லையில் வச்சிருக்கியே குப்பை, அதில் ஒரு கூடை கொடு!"

அவளுக்குப் பின்னால் ஊரே கூடையோடு நின்றது. அன்று முதல்தான் கொல்லையில் சாணியும் சாம்பலும் மக்கிக் கிடக்கிற மேட்டுக்குக் குப்பை என்ற பேர் நிலைத்தது. களத்து நெல்லோ வேறு பேர் தேடிக்கொண்டு அம்பாரம் ஆயிற்று.