பட்டியலில் இல்லாத ஒவ்வாமை

ஒரு மலையூர் மருத்துவமனையின் கணினிக்குள் தவமணி என்ற நோயாளியின் பதிவு குடியிருந்தது. பெயர், வயது, ரத்தவகை என்று பல பண்புகள் அந்த வீட்டில் இருந்தன. எல்லோருக்கும் கடைசியாக வந்து சேர்ந்தது ஒவ்வாமை. கணினிப் பிரிவில் வேலை பார்க்கும் ரெஜினா போன மாதம்தான் எல்லா நோயாளிகளின் பதிவிலும் அதைச் சேர்த்திருந்தாள். தனக்கும் ஓர் இடம் கிடைத்துவிட்டதே என்று அதற்கு ஒரே சந்தோஷம்.

ஒரு நாள் காலை தவமணிக்குக் காய்ச்சல் ஏறி நினைவு தப்பியது. கீழே சமவெளியிலிருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ் கிளம்பியது. அவளுடைய பதிவும் கூடவே போயாக வேண்டும்.

ஆனால் ஒரு பதிவு தான் இருக்கும் கணினியை விட்டு அப்படியே எழுந்து போய்விட முடியாது. ஒவ்வொரு பண்பும் எழுத்தாக மாறி, எக்ஸ்எம்எல் என்ற கோப்பில் குறிச்சொல் என்று தனக்கென ஒதுக்கிய இருக்கையில் உட்கார்ந்து பயணம் செய்ய வேண்டும். போய் இறங்கியதும் மறுபடி பதிவாகிக்கொள்ளலாம். யாருக்கு எந்த இடம் என்ற பட்டியலை வைத்துக்கொண்டு ஏற்றிவிடுகிறவர், அந்தக் கணினிக்குள்ளேயே இருக்கும் பொருத்துநர் என்ற மென்பொருள்.

பெயர் ஏறியது. வயது ஏறியது. ரத்தவகையும் ஏறியது. ஒவ்வாமையின் முறை வந்தபோது பொருத்துநர் பட்டியலை இரண்டு தடவை பார்த்தார்.

"உன் பேர் இதுல இல்லையேப்பா."

"நான் புதுசுங்கய்யா. வீட்டுல சேர்த்தவங்க உங்ககிட்ட சொல்ல மறந்துட்டாங்க போல."

"இல்லாதவங்களைச் சத்தமில்லாம விட்டுட்டுப் போகணும்னுதான் எனக்கு உத்தரவு."

கோப்புக்குள்ளிருந்து வயது எட்டிப் பார்த்தது. "ஒரு ஆளுக்காக எல்லாரும் காத்துக்கிட்டு இருக்கணுமா? கிளம்புங்க, நேரமாகுது."

ஒவ்வாமை பொருத்துநரின் வழியை மறித்தது. "ஐயா, நான் எனக்காகக் கேக்கலை. தவமணியம்மாவுக்குப் பென்சிலின் ஆகாது. அது எனக்கு மட்டும்தான் தெரியும். அவங்களால இப்ப வாய் திறந்து சொல்லவும் முடியாது."

பொருத்துநர் வேலைக்கு வந்த நாளிலிருந்து செய்யாத ஒரு காரியத்தைச் செய்தார். கோப்பை அனுப்பாமல் நிறுத்திவிட்டு, ரெஜினாவின் திரையில் சிவப்பெழுத்தில் கூவினார்: 'ஒவ்வாமைக்கு இடம் ஒதுக்கவில்லை. அனுப்ப மாட்டேன்.'

"அடக் கடவுளே, இதை எப்படி விட்டேன்!" ரெஜினா பதறிப்போய்ப் பட்டியலைத் திறந்தாள்.

பொருத்துநர் அவசர அவசரமாக விசாரித்தார். "நீ எண்ணா, எழுத்தா?"

"எழுத்துங்க."

"ஒருத்தனா, பல பேரா?"

"தவமணியம்மாகிட்ட ரெண்டு பேருங்க. பென்சிலின், வேர்க்கடலை."

"ஒண்ணுமே இல்லாத நோயாளிக்கு?"

"அப்பவும் என்னை ஏத்தணுங்கய்யா. ஒண்ணுமில்லைங்கிறதும் டாக்டருக்கு ஒரு சேதிதானே."

எல்லாம் பட்டியலில் ஒரு வரியாக ஏறியது. கோப்பு மலையிறங்கியது.

கீழே, ஊசியைக் கையில் எடுத்த டாக்டர் திரையைப் பார்த்ததும் சட்டென்று நிறுத்தினார். "சிஸ்டர், இது வேண்டாம். இவங்களுக்குப் பென்சிலின் ஒத்துக்காது, வேற மருந்து எடுங்க."

ஐந்தாம் நாள் தவமணி தன் காலாலேயே நடந்து ஊர் திரும்பினாள். பதிவும் போன வழியே திரும்பியது. இறங்கியதும் ஒவ்வாமை நேராகப் பொருத்துநரிடம் போனது.

"ஐயா, அன்னைக்கு நீங்க நிறுத்தலைன்னா..." ஒவ்வாமை கைகூப்பி நின்றது.

பொருத்துநர் பட்டியலை அதன் பக்கம் திருப்பினார். "இந்த வரி வழியா இதுவரைக்கும் இருபத்தாறு நோயாளிங்களோட சேதி போயிருக்குப்பா. நீ வாய் திறக்கலைன்னா அத்தனையையும் நான் சத்தமில்லாம விட்டிருப்பேன். நன்றி சொல்ல வேண்டியவன் நான்தான்."

அதற்குள் அடுத்த நோயாளியின் பதிவு வந்து நின்றது. அதிலிருந்த ஒவ்வாமை யாரிடமும் கெஞ்சவில்லை. நேராகப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டது.