எழுந்து நின்று செத்த பிரபு

சித்திரப் படங்களைக் கையால் வரைந்துகொண்டிருந்த காலம். டோக்கியோவில் கென்சாகு என்றொரு சீடன் இருந்தான். சீடன் என்றதும் சின்னப் பையன் என்று நினைக்க வேண்டாம். பத்திரிகையில் கேலிச்சித்திரம் போட்டுப் போட்டுத் தலை நரைத்த பிறகு, அனிமேஷன் கற்க வந்தவன். குரு ஹிரானுமாவை விட மூத்தவன். அதனாலோ என்னவோ, அவசரமும் அதிகம்.

அவன் முதன்முதலாக இயக்கிய சாமுராய் படம் வெளியான மறுநாள், குருவின் வீட்டுக்கு வந்தான்.

“குருவே, படத்திலிருந்து என் பெயரை எடுத்துவிடச் சொல்லுங்கள். உங்கள் பேச்சை ஸ்டூடியோ தட்டாது.”

“ஏன்?”

“ஜனங்கள் சிரித்துவிட்டார்கள்.”

“எந்த இடத்தில்?”

“பிரபு வயிற்றைக் கிழித்துக்கொண்டு சாகும் இடத்தில்.”

விஷயம் இதுதான். வெட்டுப்பட்ட வீரன் ஒருவன் விழுவதைக் கென்சாகு பிரமாதமாக வரைந்திருந்தான். முழங்கால் மடங்கும், ஒரு கை காற்றைத் துழாவும், பிறகு முகம் மண்ணில் படும். தான் வரைந்ததன் மேல் அவனுக்கு அப்படியொரு மயக்கம். அடுத்த எதிரியையும் உடையை மட்டும் மாற்றி அதே மாதிரி விழவைத்தான். அதற்கடுத்தவனையும் அப்படியே. கடைசியில் தோற்றுப்போன பிரபுவுக்கும் அதே சாவு. அவரோ தோற்ற சாமுராய்களின் வழக்கப்படி, மானம் காக்க உட்கார்ந்து வயிற்றைக் கிழித்துக்கொண்டவர். பாவம், அழகாக விழுவதற்காக எழுந்து நின்றார்.

“வா, பார்க்கலாம்” என்றார் குரு.

“மறுபடியுமா?”

குரு அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

தியேட்டரில் பாதி நாற்காலி காலி. பிரபு எழுந்து நின்றார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. பக்கத்திலிருந்த குரு எல்லாரையும் விட உரக்கச் சிரித்தார், கண்ணில் நீர் வரும்வரை. கென்சாகுவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

பெயர்கள் வரத் தொடங்கியதும் எழுந்தான். குரு அவன் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தார். அவன் பெயர் பெரிதாக வந்தது. அதன்கீழே வரைந்தவர்கள், வண்ணம் தீட்டியவர்கள். முன்வரிசையில் ஒரு பெண் தன் அம்மாவின் தோளை உலுக்கித் திரையில் தன் பெயரைக் காட்டினாள். வண்ணப் பிரிவில் வேலை செய்யும் சுமியே என்பவள் அவள்.

வெளியே வந்ததும் கென்சாகு வெடித்தான்.

“நீங்களுமா சிரித்தீர்கள்?”

“சிரிப்பு வந்தது.”

“அப்புறம் அந்தப் படத்தில் என் பெயர் எதற்கு?”

“பிரபு செத்த பிறகு அவருடைய ஆட்கள் என்ன ஆனார்கள்?”

“தலைவன் இல்லாத சாமுராய்கள் என்ன ஆவார்கள்? ஊர் ஊராக அலைவார்கள். அதெல்லாம் படத்தில் இல்லை. பிரபு தன் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டார், அதோடு படம் முடிந்தது.”

“ஓகோ” என்றார் குரு.

அப்போது சுமியே வாசலுக்கு வந்தாள். கென்சாகுவைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

“அம்மா, இவர்தான் எங்கள் இயக்குநர்.”

அந்த அம்மாள் குனிந்து வணங்கினாள். “வேலை முடிந்து வந்து தினமும் உங்களைப் பற்றித்தான் பேசுவாள், ஐயா.”

கென்சாகுவும் குனிந்தான். அவளைவிடத் தாழக் குனிந்தான். அவமானம் பிடரியை அழுத்தியது. குனிந்தவன் நிமிரவில்லை. தாயும் மகளும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள்.

குரு அவன் காதோரம் சொன்னார்:

“நிமிர்ந்து நில். அந்த அம்மாள் உன் முகத்தைப் பார்க்க வந்திருக்கிறாள்.”