மருந்துக்கு விடியல் காட்டிய கதை

கோணங்குளத்து ஒண்டிமுத்துவுக்குத் தன் புத்தியைப் பற்றி எந்த மயக்கமும் கிடையாது. "என் மண்டையில இருக்கது களிமண்ணுதான். ஆனா நல்ல களிமண்ணு, பானை வனையலாம்" என்பார். அப்பேர்ப்பட்டவருக்கு, மகள் கல்யாணத்துக்கு மூன்றே நாள் இருக்கையில் முழங்கால் பிடித்துக்கொண்டது. பந்தலில் எழுந்து நின்று மகளைத் தாரைவார்த்துக் கொடுக்க முடியாதே என்று மனுஷன் அழுதேவிட்டார்.

வைத்தியர் மூன்று உருண்டை கொடுத்தார். "ஒண்ணே போதும், காலு நிமிந்துரும். மத்தது கைக்காவலுக்கு. ஆனா விடியக்காலையில சாப்பிடும் வே. உச்சி வேளையில சாப்பிட்டா இதே மருந்து வயித்தை எரிக்கும், தலையைச் சுத்தும்."

மறுநாள் ஒண்டிமுத்துவும் மைத்துனர்கள் பேச்சிமுத்து, கோட்டைச்சாமி இருவரும் கண் விழித்தபோது உச்சி வேளை. விடியலை அந்த மூவரும் பார்த்ததே இல்லை. சாவகாசமாகச் சோறும் கருவாட்டுக் குழம்பும் சாப்பிட்டுவிட்டு யோசித்தார்கள்.

"அத்தான், மருந்து டப்பாக்குள்ளல்லா இருக்கு? வெளிய என்ன நேரம்னு அதுக்கு எப்படித் தெரியும்?" என்றான் பேச்சிமுத்து.

"நாம சொன்னாத்தான் தெரியும். விடிஞ்சிட்டுன்னே சொல்லிருவோம்" என்று ஒண்டிமுத்து தீர்ப்புச் சொன்னார்.

கோட்டைச்சாமி கூரைமேல் ஏறிச் சேவலாகக் கூவினான். பேச்சிமுத்து கொதிக்கிற வெயிலில் வாசல் தெளித்துக் கோலம் போட்டு, பால்காரனாக மாறி மணியடித்தான். ஒண்டிமுத்து டப்பாவைத் திறந்து, "விடிஞ்சிட்டு, எழும்பு" என்று உருண்டையை எழுப்பி விழுங்கினார்.

அரை மணி நேரத்தில் வயிறு எரிந்து, தலை சுற்றிப் பாயில் உருண்டார்.

"உச்சி வேளைன்னு மருந்துகிட்ட காட்டிக்குடுத்தது யாருல?" என்று முனகினார்.

"கருவாட்டுக் குழம்புதான் அத்தான். உள்ள போன மருந்து அதைப் பாத்து மத்தியானம்னு கண்டுபிடிச்சிருக்கும்" என்றான் கோட்டைச்சாமி.

அதனால் அடுத்த நாள் உச்சி வேளையில் இட்லி மட்டும் தின்றுவிட்டு அதே கூத்து. வயிறு இன்னும் ஜோராக எரிந்தது. "என்னைய மாதிரி மடையன் போடற வேஷம் மருந்துகிட்டச் செல்லுமா?" என்று ஒண்டிமுத்து தன்னையே நொந்துகொண்டார்.

கல்யாண நாள். முகூர்த்தம் விடியக்காலையில். வைத்தியரே வந்து கடைசி உருண்டையை நீட்டி ஒண்டிமுத்துவை உலுக்கினார். "எழும்பும் வே, விடிஞ்சிட்டு! இப்ப முழுங்கினா தாலி கட்டுற நேரத்துக்கு நின்னுருவீரு."

ஒண்டிமுத்து ஒரு கண்ணைத் திறந்தார். சேவல் கூவியது. வாசலில் கோலம். பால்காரன் மணி. பக்கத்துப் பாயில் கண் விழித்த மைத்துனர்களை அவர் பார்த்தார், மூவரும் சிரித்துவிட்டார்கள்.

"வைத்தியரே, எங்களை மடையனாக்கணும்னா நாங்களே ஆக்கிக்கிடுவோம். உமக்கு எதுக்குச் சிரமம்?" என்றவர் ஜன்னல் பக்கம் திரும்பி வாயைப் பிளந்தார். "ஆனா பேச்சிமுத்து, சூரியனையே கீழ எறக்கி வச்சிருக்காரு பாத்தியா! நமக்கு இது தோணலியே."

வெளியே கெட்டிமேளம் கொட்டியது.

"மேளம் வேறயா!" என்று மெச்சியபடி ஒண்டிமுத்து போர்வையை இழுத்துக்கொண்டார். "நெசமா விடிஞ்சதும் எழுப்பும் வே. மகளுக்குக் கல்யாணம் இருக்கு."