துக்கத்துக்குப் போன கஸ்பார்

இருட்டிய பிறகு சுவருக்குள் ஏதோ முனகியது.

கஸ்பார் ஒரு எட்டு பின்னால் போனார். மரத்தை மரம் அரைக்கிற மாதிரி ஒரு சத்தம். பிறகு நின்றுவிட்டது.

"பயந்துட்டீங்களா அண்ணாச்சி?" என்று சுவர் கேட்டது.

"இந்தப் பெட்டி இப்படிக் கத்தினதே இல்லையே சிஸ்டர்."

"மழையில மரம் ஊறிப்போச்சு. காலையிலேருந்து இந்த அழுகைதான். நீங்க வைங்க, நான் எடுத்துக்கறேன்."

அது கதவடைத்த கன்னியர் மடம். உள்ளே போனவர்கள் வெளியே வருவதில்லை, வெளியாருக்கு முகம் காட்டுவதுமில்லை. சுவரில் பதித்த மரப்பெட்டி ஒன்று சுழலும். வெளியே வைத்தது உள்ளே போகும், உள்ளே வைத்தது வெளியே வரும். பெட்டிக்கும் அதை ஒட்டிய கதவுக்கும் பொறுப்பு ஜெசிந்தா சிஸ்டர்.

கஸ்பாருக்குத் தூத்துக்குடியில் சின்னதாக ஒரு கடை, முந்திரியில் செய்யும் மேக்ரூன் விற்பார். மனைவி இறந்த பிறகு, கடையடைத்ததும் நேரே இங்கே வந்துவிடுவார். உடைந்த மேக்ரூன்களைப் பெட்டியில் வைப்பார். ஒரு கேள்வி கேட்பார். பதில் வந்தாலும் வராவிட்டாலும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவார். சிஸ்டரின் முகத்தை அவர் பார்த்ததில்லை. குரலே போதும் என்று இருந்துவிட்டார்.

அன்றைக்குக் கேட்டார்:

"சாவு விழுந்த வீட்டுல எத்தனை நாள் கழிச்சுக் காசு பேசலாம் சிஸ்டர்?"

"யார் தவறினது?"

"மார்த்தாண்டத்து தேவசகாயம். எனக்கு முந்திரி தர்றவர்."

"எப்ப?"

"போன வாரமாம். மகன் மெயில் போட்டிருந்தான்."

அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார் என்று அந்த மெயில் சொன்னது. அவர் பேரில் இருந்த கணக்கை பேங்கில் முடக்கிவிட்டார்கள், கிறிஸ்துமஸ் முந்திரிக்கான முன்பணத்தை இந்தப் புதுக் கணக்கில் போடுங்கள் மாமா என்றது. அம்மாவுக்கு மயக்கம் மயக்கமாக வருகிறது, தயவுசெய்து போன் பண்ண வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டது.

முன்பணத்துக்காகக் கடைப் பத்திரத்தை அடகு வைத்திருந்தார் கஸ்பார். கிறிஸ்துமஸுக்கு முந்திரி வராவிட்டால் அந்த வருஷமே போயிற்று. பணம் எங்காவது தொலைந்தால் கடையே போயிற்று.

"போட்டுட்டீங்களா?"

"நாளைக்குப் போடணும். கை வரமாட்டேங்குது."

"சந்தேகமா?"

"அப்படிச் சொல்லாதீங்க சிஸ்டர், பாவம். தகப்பனைப் பறிகொடுத்த பையன். அவனைக் கூப்பிட்டு, தம்பி இது உன் கணக்குதானான்னு கேட்டா அவன் மனசு என்ன பாடுபடும்? கேக்காமப் போடவும் பயமா இருக்கு. அதான், எத்தனை நாள் பொறுத்தா மரியாதைன்னு கேக்கேன்."

அந்தப் பக்கம் மேக்ரூன் நொறுங்கும் சத்தம்.

"துக்கத்துக்குப் போனீங்களா?"

"ஆழ்ந்த அனுதாபம்னு உடனே மெயில்ல எழுதிட்டேன். மக எழுதிக் குடுத்தா, நல்ல இங்கிலீஷ்."

"துக்கத்துக்குப் போனீங்களான்னு கேட்டேன்."

"கடையை விட்டுட்டு எங்க போக?"

"அந்த வீடு தெரியுமா?"

"தெரியாம? முன்னாடியெல்லாம் முந்திரி பாத்து எடுக்க நானே போவேன். அவர் சம்சாரம் வைக்கிற மீன்குழம்புக்காகவே போவேன். அப்புறம் எல்லாம் மெயில்லயே முடிஞ்சிருது."

"சாப்பிட்ட வீடு," என்றார் சிஸ்டர்.

பெட்டி முனகிக்கொண்டே திரும்பியது. காலித் தட்டு வெளியே வந்தது.

மறுநாள் விடியற்காலையில் கஸ்பார் பஸ் ஏறினார்.

நாகர்கோவிலில் இறங்கி ஒரு ரோஜா மாலை வாங்கினார். பழகிய பழக்கத்துக்குச் சின்ன மாலை அழகில்லை என்று பெரிதாகவே வாங்கினார். மார்த்தாண்டம் போகும் பஸ்ஸில் மாலையை மடியில் வைத்துக்கொண்டு, தேவசகாயத்தின் மனைவியிடம் என்ன சொல்வது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். எப்படிச் சொன்னாலும் ஆழ்ந்த அனுதாபம் என்றே வந்தது.

வீட்டு வாசலில் பந்தல் இல்லை. நாற்காலிகள் இல்லை. எல்லாம் முடிந்து எடுத்துப் போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு கதவைத் தட்டினார்.

திறந்தது தேவசகாயம்.

பனியன் போட்டிருந்தார். சாப்பிட்ட கை காயாமல் இருந்தது.

"கஸ்பாரா? வாரும் ஓய். சொல்லாமக் கொள்ளாம வந்து நிக்கீரே."

கஸ்பாருக்கு வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

தேவசகாயம் நெற்றியில் அடித்துக்கொண்டார். "நீரு பேசாதீரும், பேசாதீரும். தொண்டை இப்ப எப்படி இருக்கு?"

"எந்தத் தொண்டை?"

"ஆபரேஷன் பண்ணின தொண்டை. பேசக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு, போன் பண்ணாதீரும்னு நீருதானே மெயில் போட்டீரு. உமக்காக மாதாவுக்கு நேர்ந்திருக்கேன் ஓய்."

கஸ்பார் மாலையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். அது மறைகிற மாலை இல்லை.

"யாருக்கு அது?"

"உமக்குத்தான்."

"எனக்கா? எதுக்கு?"

கஸ்பார் போனை எடுத்து நீட்டினார். தேவசகாயம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தான் செத்த செய்தியை நிதானமாகப் படித்தார். பிறகு இன்னொரு தடவை படித்தார்.

"தூக்கத்துலேயே போயிட்டேனாக்கும்," என்றார். "போகட்டும், நல்ல சாவாத்தான் குடுத்திருக்கான்."

உள்ளேயிருந்து மகன் வந்தான். இரண்டு பேர் போன்களையும் வாங்கி மாறி மாறிப் பார்த்தான். அவன் முகம் வெளிறியது.

"நான் எழுதலை மாமா. யாரோ நம்ம மெயிலுக்குள்ள வந்து உக்காந்திருக்கான், அந்தத் தொண்டை மெயிலும் அவன் வேலைதான். நாம பேசுற எல்லாத்தையும் ரொம்ப நாளா படிச்சிருக்கான். அம்மாவுக்கு மயக்கம் வர்றது வரைக்கும் அவனுக்குத் தெரிஞ்சிருக்கு."

அந்தம்மா அடுப்படி ஜன்னலை எட்டிச் சாத்தினார்.

மகன் பாஸ்வேர்டுகளை மாற்றினான். போலீஸுக்குப் போன் போட்டான். முன்பணம் தேவசகாயத்தின் பழைய கணக்குக்கே போயிற்று. அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, வந்துவிட்டதா என்று கேட்டுக் கேட்டு அனுப்பினார் கஸ்பார்.

பிறகு மீன்குழம்பு. மாலையை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. தேவசகாயம் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டே சாப்பிட உட்கார்ந்தார்.

"கழட்டுங்க, பாக்கச் சகிக்கலை," என்றார் மனைவி.

"இம்புட்டுப் பெரிசா வாங்கியிருக்காரு. வீணாக்கவா?"

அடுத்த நாள் சாயங்காலம் கஸ்பார் மடத்துச் சுவர் முன்னால் நின்றார்.

"உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது சிஸ்டர்?"

"என்ன தெரிஞ்சுது?"

"தேவசகாயம் சாகலைன்னு."

அந்தப் பக்கம் மேக்ரூன் நொறுங்கும் சத்தம் நின்றது.

"சாகலையா?"

கஸ்பார் நடந்ததைச் சொன்னார். ரோஜா மாலையைப் பற்றிச் சொன்னபோது சிஸ்டர் சிரித்துவிட்டார். கஸ்பார் சிரிக்கவில்லை.

"எனக்குத் தூக்கம் போச்சு சிஸ்டர். அந்தக் களவாணி என்னை மாமான்னு கூப்பிட்டிருந்தான், அந்தப் பையன் கூப்பிடுற மாதிரியே. இப்ப யார் என்ன எழுதினாலும் அவனா இருக்குமோன்னு தோணுது. போன் அடிச்சா நெஞ்சு அடிக்குது. நேத்து மக போன்ல பேசுறா, எனக்கு இது அவதானான்னு..."

நிறுத்திக்கொண்டார்.

"சொல்லுங்க அண்ணாச்சி."

"மன்னிக்கணும். உங்க குரலும்தான். இத்தனை வருஷமா நான் பேசுறது ஒரே ஆள்கிட்டதானா? நான் கேட்டதே இல்லை. கேட்டா மரியாதைக் குறைவுன்னு இருந்துட்டேன்."

பெட்டி அசையவில்லை.

கேட்டிருக்கக் கூடாது என்று நினைத்தார். செருப்பை மாட்டக் காலால் துழாவினார்.

கதவு திறந்தது.

வாசலில் ஒரு பெண் விளக்கோடு நின்றார். கஸ்பாரின் மகள் வயதுதான் இருக்கும். தடித்த கண்ணாடி. கன்னத்தில் அம்மைத் தழும்பு. உதட்டோரம் மேக்ரூன் தூள். விளக்கைத் தன் முகத்துக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்தார்.

"பாத்துக்கோங்க."

அதே குரல்.

கஸ்பார் பார்த்தார். அவசரமில்லாமல் பார்த்தார்.

"போதுமா?"

"போதும் சிஸ்டர்."

"அப்ப வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுங்க."

கதவு மூடிக்கொண்டது. கஸ்பார் அசையாமல் நின்றார். உள்ளேயிருந்து தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் நடந்தார்.